யாம் விரும்பும் அமெரிக்க நகரங்கள்

அமெரிக்க நாட்டு நகரங்களுள் யாது சிறந்தது என்று நம் மாணவர் விடுதியில் ஓரிரவு எழுந்த வாதம் உணவு மணி அடித்த பின்னரும் ஓயவில்லை. நண்பர் பலரும் நியூயார்க் என்றனர். அவர்கள் காட்டிய காரணம் ஆண்டுள்ள மாடங்களின் உயரம் ஒன்றே. யாம் அதனை மறுத்தோம். "காணாத ஊரைப்பற்றி இத்துணைப் பிடிவாதம் எதற்கு?" என்று ஒருவர் நகைத்தார். அவர் கேட்டது முறையே. யாம் அந்நாட்டில் அடிவைத்தறியோம். நூல்களும் நகரப் படங்களுமே எமக்குக் கண். ஆயினும் கடல்கொண்ட புகாரை நம்முள் யார் கண்டார்? மருவூர்ப்பாக்கத்துத் தெருக்களில் வகுப்புத்தோறும் உலவிவரும் தமிழ் மாணவர், காணாத நகரை விரும்புதல் குற்றம் என்பது பொருந்தாது. அன்று வாயாற் கூறியதனை ஈண்டு எழுத்தில் வைக்கின்றோம்.

ஒரு நகரத்தை அளக்க எம்மிடம் உள்ள கோல் ஒன்றே. அதன் மக்கள் எவ்விடத்தை விலைக்கு விடாது பொதுவில் வைத்தனர் என்பதே அது. இக்கோலை இருபுறமும் பிடித்தல் வேண்டும். பொது என்று எழுதிய இடத்தில் எவரெவர் நுழையலாயிற்று என்பதனையும் உடன் கேட்டல் வேண்டும்.

முதற்கண் பாஸ்டன். எம் மேசைமேற் கிடக்கும் வின்சுலோ அகராதிக்கும் அந்நகர்க்கும் தொடர்புண்டு. 67,000க்கு மேற்பட்ட தமிழ்ச் சொற்களைக் கொண்டு 1862இல் சென்னையில் வெளிவந்த அவ்வகராதியின் ஆசிரியரை யாழ்ப்பாணத்துக்கும் பின்னர்ச் சென்னைக்கும் விடுத்த அமெரிக்க மிஷன் சங்கம், பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. அந்நகர்ப் புறத்துக் குளங்களில் மாரியில் உறைந்த நீரை வாளால் அறுத்து, மரத்தூளிற் பொதிந்து கப்பலேற்றி, 1833இல் கல்கத்தாவரை அனுப்பினார் பிரடெரிக் டியூடர் என்னும் வணிகர். அவ்வழியே வந்த பனிக்கட்டியைச் சேமிக்கச் சென்னைக் கடற்கரையில் 1842இல் எழுந்த ஐஸ் ஹவுஸ், இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கின்றது. நில நடுக்கோட்டை இருமுறை கடந்தும் உருகாது வந்த அக்கட்டிகளை நினைக்குந்தோறும் எமக்கு வியப்பே.

ஆயினும் பாஸ்டனை யாம் விரும்புவது பனிக்கட்டிக்காக அன்று. 1848இல் சட்டத்தால் நிறுவப்பெற்று 1854இல் திறக்கப்பட்ட அந்நகரப் பொது நூலகம், நகரத்தார் வரிப்பணத்தால் நடந்து எவர்க்கும் நூலை வீட்டிற்கே கொடுத்தனுப்பியது. 1895இல் எழுந்த அதன் மாளிகையின் வாயில்மேல், யாவர்க்கும் கட்டணமின்றித் திறந்தது என்னும் பொருள்படும் சொற்கள் கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. ஒருகால் யாம் ஓர் உரைநூலை இரவல் பெற ஒரு நூலகத்துக்குச் சென்று, முன்பணம் செலுத்தக் கையிற் காசின்றி, வெயிலில் திரும்பி நடந்ததுண்டு. அவ்வூரையும் நூலகத்தையும் இங்குக் கூறோம். அன்று முதல் அக்கல்வெட்டு எம் நெஞ்சிலும் பொறிக்கப்பட்டுவிட்டது.

அடுத்தது தென்பகுதியிலுள்ள சவன்னா. இப்பெயரை நண்பர் எவரும் கூறவில்லை. ஆதலின் சற்று விரித்துரைப்போம். 1733இல் ஜேம்ஸ் ஓகல்தார்ப் என்பார் ஆற்றங்கரை மேட்டில் இந்நகரை வகுத்தார். நடுவே ஒரு திறந்த சதுக்கம். அதன் கிழக்கினும் மேற்கினும் கோயில் முதலிய பொதுக் கட்டடங்கட்கு உரிய மனைகள். வடக்கினும் தெற்கினும் வீட்டு மனைகள். இது ஒரு வட்டம். ஊர் வளர வேண்டின் இவ்வட்டத்தையே மீண்டும் ஒன்று சேர்த்தாற் போதும். இங்ஙனம் வளர்ந்து சதுக்கங்கள் 24 ஆயின. எவ்வீட்டிலிருந்து புறப்பட்டாலும் சில அடிகளுக்குள் ஒரு மரநிழல் கிடைக்கும். நகரம் வளர வளர நிழலும் வளர்ந்தது என்பதே இதன் அழகு. நம் ஊர்கள் வளருங்கால் முதலில் மறைவது குளமும் மந்தையும் அன்றோ?

இவ்வழகிற்கும் கேடு வந்தது. 1954இல் எல்லிஸ் சதுக்கத்திலிருந்த பழைய அங்காடியை இடித்து, மோட்டார் வண்டிகள் நிறுத்த ஒரு கொட்டகை மாடம் எழுப்பினர். 1955இல் 1820ஆம் ஆண்டைச் சேர்ந்த டேவன்போர்ட் இல்லத்தையும் இடிக்க முற்பட்டபோது, ஏழு பெண்மணிகள் கூடி ஒரு பாதுகாப்புச் சங்கம் அமைத்து அவ்வில்லத்தை விலைகொடுத்து மீட்டனர். பின்னர் வண்டி மாடமே இடிக்கப்பட்டு, 2010இல் எல்லிஸ் சதுக்கம் மீண்டும் திறக்கப்பட்டது. வண்டிகள் இப்போது அதன் அடியில் நிலத்துக்குள் நிற்கின்றன. மனிதர் மேலே அமர்ந்திருக்கின்றனர். இதுவே தக்க முறை. இன்று 22 சதுக்கங்கள் உள்ளன.

ஆனால் சவன்னாவின் நிழலில் அமர்ந்து மற்றொன்றையும் நினைத்தல் வேண்டும். அக்குடியேற்றத்தில் 1735இல் விலக்கப்பட்டிருந்த அடிமைமுறை 1751இல் இசைவு பெற்றது. 1859 மார்ச்சு மாதத்தில் அந்நகர்ப்புறத்துப் பந்தயத் திடலில் இரண்டு நாட்களில் 400க்கு மேற்பட்ட ஆண் பெண் குழந்தைகள் ஏலத்தில் விற்கப்பட்டனர். அந்நாட்களை அழுகைக் காலம் என்றே அவர் வழியினர் வழங்குகின்றனர். நிலத்தை விற்க மறுத்த ஊர் மனிதரை விற்றது. இதனை மறைத்துவிட்டு மரங்களை மட்டும் புகழ எம்மால் இயலவில்லை.

சான் பிரான்சிஸ்கோவைப்பற்றிச் சுருங்கக் கூறுவோம். குன்றுகள்மேல் ஏறும் அதன் கம்பிவட வண்டிகள் 1873இல் தொடங்கின. தெருவுக்கடியில் வடம் ஓயாது ஓடிக்கொண்டிருக்க, ஓட்டுநர் ஓர் இடுக்கியால் அதனைப் பற்றினால் வண்டி செல்லும், விட்டால் நிற்கும். 1947இல் நகரத் தலைவர் இவ்வண்டிகளை நிறுத்திப் பேருந்து விட எண்ணியபோது, பிரீடல் கிளஸ்மன் என்னும் அம்மையார் மகளிரைத் திரட்டி வாக்கெடுப்புக்கு வழிசெய்து, மும்மடங்கு வாக்கால் வென்றார். எமக்கு இதனினும் இனியது சீனர் தெருவின் வரலாறு. 1906இல் நிலநடுக்கமும் தீயும் நகரை அழித்தபின், சீனரை நகர எல்லைக்குத் துரத்த ஆளுவோர் சூழ்ந்தனர். சீனர் இணங்கவில்லை, சாம்பல்மேலேயே தம் தெருவை மீண்டும் எழுப்பிக்கொண்டனர். நகரின் பிறப்புப் பதிவேடுகள் எரிந்துபோனமையால், 1882ஆம் ஆண்டின் விலக்குச் சட்டத்தையும் மீறிப் பலர் தம்மை அம்மண்ணிற் பிறந்தோர் என்று கூறிக் குடியுரிமை பெற்றனர் என்பர். தீயும் சிலர்க்கு நீதி செய்தது போலும்!

நியூயார்க் நண்பர்கட்கு ஒரு சொல். நடுப் பூங்கா ஒன்றை 843 ஏக்கரில் அந்நகர் வைத்துள்ளது என்பதை மறுக்கவில்லை. அதனை அமைக்கக் கறுப்பினத்தார் பலர் சொந்த நிலத்தில் வாழ்ந்த செனகா சிற்றூரை 1857இல் அகற்றினர் என்பதையும் சேர்த்துப் படிப்பீராக.

இறுதியில் சிகாகோ. எம் முதற் பரிசு இதற்கே. 1871ஆம் ஆண்டுத் தீயில் ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். 1,00,000 மக்கள் வீடிழந்தனர். எரிந்த இடிபாடுகளை ஏரியிற் கொட்டியே கரையை அகலப்படுத்தினர். அக்கரை நிலத்தின் ஒரு பகுதியில் எக்காலத்தும் எக்கட்டடமும் எழலாகாது என்று 1836இலேயே நகர்ப் படத்தில் எழுதி வைத்திருந்தனர். அவ்வெழுத்தை எல்லாரும் மறந்தனர். மாண்ட்கோமரி வார்டு என்னும் வணிகர் மறக்கவில்லை. தம் அலுவலகச் சாளரத்துக்கு எதிரே குப்பையும் கொட்டகைகளும் குவிவதைக் கண்டு, 1890இல் வழக்குத் தொடுத்தார். செல்வரும் செய்தித்தாள்களும் அவரை முன்னேற்றத்தின் பகைவர் என்று ஏசினர். அருங்காட்சியகம் போன்ற நற்கட்டடத்தைக்கூடத் தடுத்தார் என்பது உண்மை. ஒரு நற்கட்டடத்திற்கு இடங்கொடுத்தால் பத்துத் தீய கட்டடங்கள் பின்தொடரும் என்று எமக்கும் தோன்றுகின்றது. இருபது ஆண்டுக்கு மேல் போராடி அவர் வென்றார், 1913இல் மறைந்தார். கடல்போற் பரந்த அவ்வேரி நகர நடுவிலிருந்து இன்றும் கண்ணுக்குத் தெரிகின்றது.

அதே ஏரியில், 1919 ஜூலை 27ஆம் நாள், யூஜின் வில்லியம்ஸ் என்னும் கறுப்பினச் சிறுவர், மரத்தெப்பத்தில் மிதந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு நிறக்கோட்டைத் தாண்டிச் சென்றார். கரையிலிருந்த வெள்ளையர் ஒருவர் கல்லெறிய, நீரில் மூழ்கி இறந்தார். வயது 17, எம்மினும் இரண்டு குறைவு. எறிந்தவரைக் காவலர் பிடிக்க மறுத்தமையாற் கலகம் மூண்டு 38 பேர் மாண்டனர். கட்டடம் எழலாகாது என்று காத்த அவ்வூர்க் கரையில், ஒரு சிறுவன் நீந்துவதற்கு இடமில்லை.

இவ்வளவும் அறிந்த பின்னும் சிகாகோவை விரும்புவதேன் என்று அன்றிரவு நண்பர் கேட்டார். அச்சிறுவர் இறந்த இடத்தை அடுத்து ஏரிக்கரையில் அவர் பெயரைத் தாங்கிய ஒரு சிறு நினைவுப் பலகை உள்ளது. என்றேனும் கடல் கடக்கும் வாய்ப்பு எமக்கு வாய்ப்பின், மாடத்தின் உச்சிக்கு நண்பர் ஏறட்டும். யாம் முதலில் அக்கரைக்குச் சென்று அதனைப் படிப்போம்.