இரவல் ஆசனம்

1984-ம் வருஷம் ஏப்ரல் 3-ந் தேதி சோவியத் யூனியனின் பைக்கனூர் தளத்திலிருந்து ஸோயுஸ் டி-11 என்ற விண்கலம் கிளம்பிற்று. தலைவர் மாலிஷெவ், எஞ்சினீயர் ஸ்ட்ரெகலோவ் ஆகியோருடன் நமது ஆகாயப் படையைச் சேர்ந்த ஸ்ரீ ராகேஷ் சர்மாவும் அதில் சென்றார். மறுநாள், பூமியைச் சுற்றி வந்த சல்யூட் 7 நிலையத்தை அடைந்து, முன்பே அங்கு வாசம் செய்த மூவருடன் கலந்துகொண்டார்கள். அங்கு அவர் யோகாசனம் பழகினார். பாரத பூமியைப் படம் எடுத்தார். தேசம் எப்படித் தோன்றுகிறது என்று பிரதம மந்திரி இந்திரா காந்தி வினவியபோது, கவி இக்பாலின் பாட்டடியையே விடையாகத் தந்தார். ஏப்ரல் 11-ந் தேதி சுகமாகத் திரும்பினார்.

அன்று தேசம் அடைந்த பூரிப்பைக் குறைத்துப் பேசுவது நமது நோக்கமன்று. ஆனால் அந்த ஆசனம் யாருடையது? நேச நாட்டார் விருந்தாக அளித்தது. அடுத்த பாரத வீரர் ஒரு விண்வெளி நிலையத்தில் கால் வைக்க 41 வருஷங்கள் ஆயின. 2025 ஜூனில் சென்ற ஸ்ரீ சுபான்ஷு சுக்லாவின் ஆசனமும் இரவல்தான். ருஷ்யருக்குப் பதில் அமெரிக்கர், விருந்துக்குப் பதில் விலை, அவ்வளவே வித்தியாசம். அவர் கொணர்ந்த அனுபவம் பயன் தரும் என்பதை நாம் மறுக்கவில்லை.

இரவலின் இயல்பைக் கோயமுத்தூர்வாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. தேசபக்தர் வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, முதலில் ஷா லைன் கம்பெனியின் கப்பல்களை வாடகைக்கு அமர்த்தினார். வெள்ளைக் கம்பெனியின் நெருக்குதலால் அவை திரும்பப் பெறப்பட்டன. அதன் பின்னரே காலியா, லாவோ என்ற சொந்தக் கப்பல்கள் வந்தன. அவற்றின் விலையில் ஒரு பகுதியை, 1908 முதல் 1910 வரை, நமது கோயமுத்தூர் ஜெயிலில் செக்கிழுத்தே அவர் செலுத்தினார்!

நம் காலத்திலும் இக்கதை நடந்தது. கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளால் இயங்கும் கிரையோஜெனிக் யந்திரத்தையும் அதைச் செய்யும் வித்தையையும் தர மாஸ்கோ 1991-ல் ஒப்பந்தம் செய்தது. அமெரிக்கா கண்ணை உருட்டவே, யந்திரம் உண்டு, வித்தை இல்லையென்று 1993-ல் பின்வாங்கியது. நமது விஞ்ஞானிகள் தாமே முயன்று, 2014 ஜனவரி 5-ந் தேதி சுதேசி யந்திரத்தால் ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டை வெற்றியுடன் செலுத்தினார்கள்.

சொந்தக் கலத்தில் மனிதரை அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கு 2018-ல் குறித்த கெடு 2022. அது கடந்து போயிற்று. வாய்தா வாங்கிப் பிழைக்கும் வக்கீல் வர்க்கத்தினராகிய நாம் வாய்தாவைக் குறை கூறுவது அழகன்று. இங்கே அது நியாயமுமன்று. ஸ்ட்ரெகலோவ், சர்மாவுடன் செல்வதற்கு ஆறு மாதம் முன்பு, 1983 செப்டம்பர் 26-ல், தளத்திலேயே தீப்பற்றிய ராக்கெட்டின் உச்சியில் டிட்டோவுடன் அமர்ந்திருந்தவர். ராக்கெட் வெடிப்பதற்குள், உயிர்காக்கும் சாதனம் அவ்விருவரும் இருந்த கூண்டைப் பிடுங்கி அப்பால் கொண்டுபோய்ச் சேர்த்தது. அத்தகைய சாதனத்தை நாம் 2023 அக்டோபர் 21-ல் ஸ்ரீஹரிகோட்டாவில், ஆளின்றிச் சோதித்து வெற்றி கண்டோம். இவ்விதச் சோதனைகளுக்காக எத்தனை வருஷமும் பொறுக்கலாம். ஆனால், பணம் கொடுத்தால் ஆசனம் கிடைக்கையில் சொந்த வாகனம் எதற்கென்று டில்லியில் எவரேனும் கணக்குப் போடத் தொடங்கினால், சென்னை காந்தி மண்டபத்தில் வைத்திருக்கும் அந்தச் செக்கை ஒரு முறை பார்த்துவிட்டுக் கணக்கைத் தொடரட்டும்.