ஆயக்கட்டு போன பிறகு



ஐப்பசி அடைமழை பிடிப்பதற்குள் இந்த இதழ் உங்கள் கைக்கு வந்துவிடும். அதனால் இந்த முறை ஏரிக் கதை.

அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரி நீர் கொரட்டூர் ஏரிக்குப் போகும். அதுவும் நிரம்பினால் இரட்டை ஏரிக்கு. நம் பக்கத்து ஏரிகள் தனித்தனிக் குளங்களல்ல, ஒன்றின் கடை இன்னொன்றின் தலை. ஒவ்வொன்றின் கீழும் அதன் தண்ணீரில் விளையும் ஆயக்கட்டு நிலம் இருந்தது. மடையைத் திறந்து மூட நீர்க்கட்டி இருந்தார். அறுவடையில் களத்திலேயே அவருக்கு நெல் அளந்தார்கள்.

உபரி நீர் வழியும் பழைய கலங்கல்களில் வரிசையாகக் கற்கள் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பருவமழை ஓயும் தறுவாயில் அந்தக் கற்களுக்கு நடுவே புல்கரணையும் மண்ணும் வைத்து அடைத்து, கூடுதலாகக் கொஞ்சம் தண்ணீரை நிறுத்திக்கொள்வார்கள். அளவு மீறினால், நிலம் மூழ்குகிறதென்று மேல்புறத்து நிலக்காரர் வரிந்துகட்டிக்கொண்டு வருவார். தண்ணீர் வராவிட்டால் கீழ் ஏரிக்காரர் வருவார். அந்தச் சண்டைதான் பாதிப் பராமரிப்பு என்பேன்.

லாபம் இருந்த இடத்தில் காவலும் இருந்தது. வேடந்தாங்கல் மக்கள் பறவைகளைக் காத்தது பாசத்தால் மட்டுமா? எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் அந்தக் காவல் உரிமையை எழுத்தில் வாங்கிவிட்டார்கள், கெட்டிக்காரர்கள். 1980களில் ஸ்வீடன் உதவியோடு வந்த சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் ஏரிகளின் நீர்ப்பிடிப்பில் கருவேலம் நட்டபோதும், மரம் விற்ற பணத்தில் ஊராட்சிக்குப் பங்கு உண்டு என்றுதான் வைத்தார்கள்.

நம் பக்கம் என்ன ஆயிற்று? 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. வேலை கிடைத்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வயல் மனையானது. நெல் போனதும் மடையைத் திறக்கச் சொல்லிக் கேட்க ஆள் இல்லாமல் போயிற்று. ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் குப்பை விழுந்தாலும் யார் வயிற்றிலும் அடி விழவில்லை.

அப்படித்தான் நினைத்தோம். 2015 டிசம்பரில் விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்ட அதே செம்பரம்பாக்கம் ஏரி, 2019 கோடையில் வறண்டு கிடந்தது. 2023 மிக்ஜாம் புயல் மழையில் தொழிற்பேட்டைக்குள்ளேயே வெள்ளம் நின்றது. ஆக, இன்றைய ஆயக்கட்டுதாரர் யார் என்றால், தரைத்தளத்தில் குடியிருப்பவரும், ஆழ்துளைக் கிணற்றை நம்பி இருப்பவரும், லாரித் தண்ணீருக்குக் காசு கொடுப்பவரும்தான்.

ஆவடி பருத்திப்பட்டு ஏரியில் 2019இல் பூங்கா திறந்தார்கள். காலையில் அங்கே நடக்கிற கூட்டத்தைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் எல்லாரும் நடப்பது கரைமேல். வரத்துக்காலை ஒட்டி ஒருவரும் நடப்பதில்லை, மூக்கைப் பொத்திக்கொண்டு யார் நடப்பார்கள்? கொரட்டூர்க்காரர்கள் கரையோடு நிற்காமல், ஏரிக்குள் என்ன வருகிறது என்று பார்த்தார்கள். ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். அவர்களுக்கு நம் வணக்கம்.

உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். உங்கள் தெருப்பக்கத்து ஏரிக்குத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது, இப்போது எங்கே அடைபட்டிருக்கிறது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். கார்த்திகை இதழில் வெளியிடுகிறோம். பழைய கிராம வரைபடம் இருந்தால் நகல் போதும், அசலை அனுப்பிவிடாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்