கூதிர்காலப் பூந்தோட்டம்

ஓராண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என அறுவகைப் பெரும்பொழுதாக வகுத்து வழங்குதல் தமிழ் மரபு. அவற்றுள் கூதிர் என்பது ஐப்பசியும் கார்த்திகையுமாகிய இரு திங்கள். தொல்காப்பியர் இதனைக் குறிஞ்சித் திணைக்கு உரிய பொழுதாக ஓதினார். இங்கிலாந்து முதலிய குளிர்நாடுகளில் ஏறக்குறைய இத்திங்கள்களே இலையுதிர் காலம் எனப்படும். காலம் ஒன்றாயினும் அதன் இயல்பு நாட்டுக்கு நாடு வேறுபடும். இவ்வேறுபாட்டை நம் பூந்தோட்டங்கள் மறந்துவிட்டன என்பதும், கூதிரில் நாம் போற்றி வளர்க்கும் செடிகொடிகள் நம் கூதிருக்கு இயைந்தனவாதல் வேண்டும் என்பதும் ஈண்டு யான் கூறப்புகும் கருத்தாம்.

குளிர்நாடுகளில் பகல் குறுகி இரவு நீளத் தொடங்கியதும் மரங்கள் வரப்போகும் குளிருக்கு ஆயத்தம் செய்கின்றன. இலைகளிலுள்ள பச்சையம் சிதைகின்றது. அதுகாறும் பச்சையத்தால் மறைப்புண்டிருந்த மஞ்சள் நிறப்பொருள் அப்பொழுது வெளிப்படுகின்றது; சில மரங்களிற் செந்நிறப்பொருள் புதிதாகவே உண்டாகின்றது. மலைச்சாரல் முழுவதும் பொன்னும் செம்பும் உருக்கி வார்த்தாற்போல் ஒளிர்ந்து, சின்னாளில் வெறுங்கொம்பாய் நிற்கின்றது. அந்நாட்டுத் தோட்டக்காரர் உறைபனி வந்து கரிப்பதற்குமுன் சாமந்தி, ஆஸ்டர், டாலியா முதலியவற்றைக் கொண்டு இறுதியாக ஒருமுறை வண்ணம் காண விழைகின்றனர். அவர்தம் கூதிர்த் தோட்டம் ஆண்டிற்கு விடைகொடுக்கும் தோட்டமாகும்.

நம் நாட்டு நிலையோ இதற்கு முற்றும் மாறானது. தமிழ்நாட்டில் ஆண்டு முழுதும் பெய்யும் மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள 3 திங்களிற் பெய்கின்றது. கோடையில் வெடித்துக் கிடந்த நிலம் வடகிழக்குப் பருவமழையால் நெகிழ்கின்றது. வேலிதோறும் கொடி படர்கின்றது. தரிசும் பச்சை போர்க்கின்றது. நம் மரங்களிற் பல இலையுதிர்ப்பது பனிக்காலம் முற்றிய பின்னரே. நாட்டு வாதுமையின் அகன்ற இலை செம்மை பூண்டு வீழும் அழகையும் பெரும்பாலும் அப்பொழுதே காண்கிறோம். இவ்வாறிருக்க, ஆங்கில நூலை மொழிபெயர்க்கும்பொழுது ஐப்பசியைக் 'இலையுதிர் காலம்' என்று எழுதிவிட்டு மேற்செல்கின்றோம். எழுதுகோலை ஒருகணம் நிறுத்திச் சாளரத்தின் வழியே நோக்குவோமாயின், உதிரும் இலை ஒன்றையும் காணோம், தளிர்களையே காண்போம். குளிர்நாட்டார்க்கு முடிவாகிய பருவம் நமக்குத் தொடக்கமாகும்.

இவ்வுண்மையை அறியாமற் செய்யப்படும் தோட்டம் எவ்வாறு முடியும் என்பதைச் சமவெளியிலுள்ள பல வளாகங்களிற் காணலாம். பிளாக்ஸ், பெட்டூனியா, பான்சி, ஆஸ்டர் முதலியவற்றின் விதைகள் வண்ணப் படம் பொறித்த பொட்டலங்களில் வந்து சேர்கின்றன. மழை தொடங்கும் நாளிலேயே அவற்றைப் பாத்தியிலும் தொட்டியிலும் விதைக்கின்றனர். அடைமழை பெய்து மண் நீர் தேங்கி நிற்கும்பொழுது மெல்லிய நாற்றுகள் அடித்தண்டு அழுகிச் சாய்ந்துவிடுகின்றன. எஞ்சியவற்றைத் தாழ்வாரத்தில் ஏற்றிக் காக்கவேண்டும். அவை தை, மாசியில் மலர்ந்து விழாக்காலத்தில் விருந்தினர் கண்ணுக்கு விருந்தாகின்றன என்பது மெய்யே. ஆயினும் பங்குனி வெயில் வந்ததும் அவை வாடி மாய்கின்றன. தொட்டிகள் மீண்டும் வெறுந்தொட்டிகளாகின்றன. இவ்வளவிற்குமாகத் தோட்டக்காரர் காலையும் மாலையும் சுமக்கும் நீர் எத்துணை! கோடையிற் கிணறு வற்றும் ஊர்களில் இது சிறு செலவன்று.

இஃது அச்செடிகளின் குற்றமன்று. உதகமண்டலத்தில் 1848-ஆம் ஆண்டிற் கால்கொண்ட அரசினர் தாவரவியற் பூங்கா, கடல் மட்டத்திற்கு 2,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளது. ஆங்குள்ள தட்பத்தில் அச்செடிகள் தம் தாய்நிலத்தில் வாழ்வனபோலச் செழிக்கின்றன. மலைக்கு உரியதை மருதத்திலும் நெய்தலிலும் வைத்து வாட்டுவது நம் செயலே.

ஈண்டு ஒன்றைத் தெளிவாகக் கூறுதல் வேண்டும். அயல்நாட்டுச் செடி என்பது பற்றி ஒன்றை விலக்குதல் என் கருத்தன்று. நம் மகளிர் குழலிலும் பூமாலையிலும் இடம்பெற்ற சாமந்தி பண்டு சீனநாட்டிற் பேணி வளர்க்கப்பெற்றது. துலுக்கச் சாமந்தி மெக்சிகோவினின்று வந்தது. கிறிஸ்துமஸ் நாளில் நம் முகப்புகளை அணிசெய்யும் பாயின்செட்டியாவும் அந்நாட்டினதே. அதிற் செவ்விதழ்போல் தோன்றுவன உண்மையில் நிறம் மாறிய இலைகளே. பூக்களோ நடுவே சிறு மணிகளாய் அடங்கியிருக்கும். பகலிரவின் நீட்சி குறுக்கம் பல செடிகளின் பூப்பை ஆளுகின்றது என்பதைக் கார்னர், அல்லார்டு என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1920-இல் விளக்கினர். சாமந்தியும் பாயின்செட்டியாவும் இரவு நீளுங்கால் பூக்கும் இனத்தன. ஆதலின் அவை நம் கார்த்திகை மார்கழியோடு தாமே இயைந்துகொண்டன. விருந்தாய் வந்தவை உறவாய் நிலைத்துவிட்டன. எந்நாட்டிற் பிறந்தது என்று வினவுவதினும், இப்பருவத்தையும் இம்மண்ணையும் ஏற்குமோ என்று வினவுவதே தோட்டம் செய்வார்க்கு முறையாகும்.

அவ்வாறு வினவுங்கால் நம் வேலிகளே விடை கூறும். முதற்கண் செங்காந்தளை எடுத்துக்கொள்வோம். கார்த்திகைப் பூ, கண்வலிக்கிழங்கு, கலப்பைக் கிழங்கு என ஊர்தோறும் பெயர் பெற்ற இக்கொடி இன்று தமிழ்நாட்டின் மாநில மலராகவும் விளங்குகின்றது. கோடை முழுவதும் இதன் கிழங்கு மண்ணுள் உறங்கும். ஈரம் கண்டதும் முளைக்கும். இலையின் நுனியே சுருண்டு கையாகிக் கொழுகொம்பைப் பற்றும். பூ விரியுங்கால் பசுமையும் மஞ்சளுமாய்த் தோன்றி, நாட்செல்லச் செல்லப் பொன்னிறமாகி, ஈற்றில் தீயெனச் சிவக்கும். ஒரு கொடியிலேயே இந்நிறங்கள் யாவும் ஒருங்கு நிற்றலும் உண்டு. குளிர்நாட்டார் காடு முழுதும் நோக்கிக் களிக்கும் வண்ண மாற்றத்தை நாம் ஒரு மலரிலேயே காணலாம். ஆடி, ஆவணியிற் கிழங்கை ஊன்றி நீர் தேங்காமற் காத்தல் ஒன்றே இதற்கு வேண்டும் பணி.

அடுத்தது டிசம்பர் பூ. ஊதா, வெண்மை, இளஞ்சிவப்பு என்னும் நிறங்களில் இது மலரும். இச்செடி நம் நாட்டினது. பெயரோ ஆங்கிலத் திங்களினது. எத்திங்களில் மலருகின்றதோ அத்திங்களின் பெயரையே நம் மகளிர் அதற்குச் சூட்டிவிட்டனர். பருவத்தையும் பூவையும் இணைத்துக் காணும் தமிழ்க் கண் இன்னும் மழுங்கவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? மழைநாளில் ஒரு கொம்பை ஒடித்து நட்டால் அது வேர்கொள்ளும். நாலைந்து கொம்புகள் ஒரு வேலியாகும்.

இவற்றோடு, கருவிளை எனப் புலவர் வழங்கிய நீலச் சங்குப்பூக் கொடியை ஒரு பந்தரில் ஏற்றலாம். அஃது அவரை இனத்ததாகலின் தான் நிற்கும் மண்ணையும் வளப்படுத்தும். மாலையில் மஞ்சட்பூ விரிக்கும் பீர்க்கும், இரவில் வெண்பூ விரிக்கும் முசுட்டையும், பிச்சியும் சேருமாயின், பகலுக்கு நீலமும் செம்மையும், மாலைக்குப் பொன்மையும், இரவுக்கு வெண்மையும் மணமும் என ஒரு நாளின் எல்லாப் பொழுதிற்கும் தோட்டம் விழித்திருக்கும்.

இதுகாறும் கூறியவை தோட்டக்கலை பற்றியன. தமிழ் பயிலும் மாணாக்கன் என்ற முறையில் எனக்கு மற்றொரு கவலையும் உண்டு. சங்க நூல்களை நாம் படிக்கின்றோம். பூப்பெயர் வருமிடமெல்லாம் 'ஒருவகைக் கொடி', 'ஒருவகைப் பூ' என்று குறிப்பெழுதித் தேர்வில் மதிப்பெண்ணும் பெறுகின்றோம். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர் அடுக்கி வருவதை ஒருமூச்சில் ஒப்பிப்பார் பலர். அவற்றுட் கண்ணாற் கண்டன எத்தனை என வினவின் விரல் மடக்கி எண்ண வேண்டுவதில்லை. பொருளை இழந்த சொல் வெற்றொலியாகும். ஒரு மொழியின் சொற்கள் ஏட்டில் இருந்தும் இறந்துபடும் வழி இதுவே.

நக்கீரர் இயற்றிய நெடுநல்வாடையை நோக்குக. அஃது இக்கூதிரையே களமாகக் கொண்டது. முசுண்டையும் பீர்க்கும் புதர்தோறும் மலர்ந்திருப்பதை அப்பாட்டிற் காண்கிறோம். ஞாயிறு தோன்றாத மழைநாளில் அந்தி வந்ததென்று எங்ஙனம் அறிவது? மூதூர் மகளிர் பூந்தட்டில் இட்டுவைத்த பித்திக அரும்புகள் கட்டவிழ்ந்து மணத்தலைக் கொண்டு பொழுதறிந்து விளக்கேற்றினர் என்று புலவர் காட்டுகின்றார். அவர்க்குப் பூவே நாழிகைக் கருவியாய் இருந்தது. பித்திகம் என்பது பிச்சி என்று உரையிற் கற்பதனால் மட்டும் இதன் நயம் விளங்கிவிடாது. மழை இருட்டில், ஒரு பிச்சிக்கொடியின் அருகே நிற்பவனுக்கு அது தானே விளங்கும். இலக்கிய வகுப்பு ஒன்று தோட்டத்திலும் நடைபெறல் வேண்டும் என்பதற்கு இதனை யான் ஏதுவாகக் காட்டுகின்றேன்.

சொல்லையும் செடியையும் ஒருங்கே போற்றிய பெரியார் நம்போன்ற கல்லூரிகளின் வரலாற்றிலும் அயலார் அல்லர். 1776-இல் தரங்கம்பாடிக்கு வந்து 1836-இல் சென்னையில் மறைந்த ரோட்லர் ஐயர், நாடெங்கும் திரிந்து செடிகொடிகளைத் திரட்டி உலர்த்திப் பாதுகாத்தவர். அவரே தமிழுக்கும் ஆங்கிலத்திற்குமாகப் பேரகராதி ஒன்றைத் தொகுத்தவர். அவ்வகராதி 1834 முதல் 1841 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. ஒரே மனிதர் ஒரு கையில் இலையையும் ஒரு கையில் ஏட்டையும் ஏந்தினார். இன்று தாவரவியற் பகுதி ஒரு கட்டிடத்திலும் தமிழ்ப் பகுதி மற்றொரு கட்டிடத்திலுமாக நாம் பிரிந்து நிற்கின்றோம். இடையே உள்ளது ஒரு சிறு புல்வெளியே.

இக்கருத்திற்கு எழக்கூடிய தடைகளையும் நோக்குதல் வேண்டும். வேலிக்கொடிகள் காட்டுத்தன்மை உடையன, ஒழுங்கான பாத்திக்கு ஆகா என்பர் சிலர். பந்தரும் கொழுகொம்பும் கொடுத்து உரிய காலத்தில் நறுக்கி வருவோமாயின் எக்கொடியும் அடங்கி நிற்கும். இப்பொழுது நாம் போற்றும் தோட்டப்பூக்கள் யாவும் ஒருகாலத்தில் எங்கோ ஒரு காட்டில் தாமே வளர்ந்தவைதாமே. காந்தட் கிழங்கு நஞ்சுடையதன்றோ என்பர் வேறு சிலர். உண்மையே, அக்கிழங்கு உயிர்க்கு இறுதி பயக்கும். ஆதலின் அதனைக் கம்பி வேலிக்குள் வைத்து, அதன் தன்மையை எழுதித் தொங்கவிடல் வேண்டும். பழைய பெயர்கள் சிலவற்றிற்கு உரிய செடி எது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உளதே என்பர் கற்றோர். ஐயமற்றவை பல உள, அவற்றினின்றே தொடங்குவோம்.

கல்லூரி அன்பர்களே! யான் வேண்டுவது பெரிதன்று. நம் வளாகத்தின் ஒரு மூலையில் ஒரு சிறு நிலம், கூதிர்ப் பாத்தி என்ற பெயரால் ஒதுக்கப்படுக. மழைநீர் வடியுமாறு அஃது ஓரடி மேடாக்கப்படுக. ஒவ்வொரு செடியின் அருகிலும் இலக்கியப் பெயர், ஊர்ப் பெயர், தாவரவியற் பெயர் என்னும் மூன்றும் எழுதிய பலகை ஒன்று நிற்க. எழுதும் பணியைத் தமிழ் மாணாக்கரும் தாவரவியல் மாணாக்கரும் கூடிச் செய்க. பொட்டலம் வாங்கப் பொருள் வேண்டா. விடுமுறைக்கு ஊர் செல்வோர் திரும்புங்கால் தத்தம் வேலியினின்று ஒரு விதையோ கிழங்கோ கொம்போ கொணர்க. வெளியூரில் வாழும் பழைய மாணவர்களும் தம் ஊர்ப்பூ ஒன்றை அனுப்பி, அதனைத் தம் ஊரார் எப்பெயரால் அழைக்கின்றனர் என்பதையும் எழுதியனுப்புவார்களாக. அப்பெயர்களைத் திரட்டினால் அதுவே ஒரு சிறு அகராதியாகும்.

தோட்டக்காரர் இதற்கு நீர் சுமக்க வேண்டுவதில்லை. வானமே அப்பணியை ஏற்கும். கோடையிற் காந்தள் மறைந்துவிட்டதே என்று வருந்தவும் வேண்டா. கிழங்கு உள்ளே உறங்கும். அடுத்த மழைக்கு அது தானே எழும். அதற்குமுன் பலகையை மட்டும் யாரும் பிடுங்காதிருத்தல் வேண்டும்.