பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

கிள்ளான் தெங்கு கெலானா சாலையில் ஓர் ஒட்டுக்கடை. எதிரே உட்கார்ந்திருந்த பெரியவரின் சட்டைப்பையில் நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் மாத்திரை அட்டை. ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படவில்லை. "வேணாம் தம்பி, இதைச் சாப்பிட்டா கிட்னி போயிடும். எங்க அண்ணனுக்கு அப்படித்தான் ஆச்சு" என்றபடி டின்பால் கலந்த தே தாரிக்கை உறிஞ்சினார்.

பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை இனிப்புநீர் உள்ள வீடுகளில் உலவும் பேச்சு இது. 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியரிடையே அது 31.4. இத்தனை பேர் நடுவே இந்தப் பேச்சை வெறும் நம்பிக்கை என்று விட்டுவிட முடியாது. இது பொய், ஆளைச் சாய்க்கும் பொய்.

பொய் ஏன் எடுபடுகிறது? அதில் ஒரு துளி உண்மை இருப்பதால். மெட்ஃபார்மின் சிறுநீர் வழியே வெளியேறும் மருந்து. சிறுநீரகம் மிகவும் தளர்ந்துவிட்டால் உடலில் தேங்கும் என்பதால் மருத்துவர் அளவைக் குறைப்பார், பிறகு நிறுத்துவார். வீட்டார் போடும் கணக்கோ வேறு: மாத்திரையை நிறுத்திவிட்டார்கள், அப்படியானால் கெடுத்தது மாத்திரைதான். பல ஆண்டுகள் வலியே காட்டாமல் சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகளை அரித்த சர்க்கரை தப்பித்துக்கொள்கிறது.

இன்னொரு வசதியும் உண்டு. குற்றம் மாத்திரையுடையது என்றால் நாம் நிரபராதி. சர்க்கரையுடையது என்றால், நாளுக்கு நாலு தே தாரிக் குடித்த நாக்கும் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும். புள்ளிவிவரம் காட்டினாலும் மனம் மாறாததற்கு இதுதான் காரணம்.

கூட்டம் நெரியும் கிளினிக்கில் மருத்துவருக்குச் சில நிமிடங்களே கிடைக்கின்றன. மாத்திரைக்குப் பதிலாக மருந்துப் பொடி விற்பவரோ அரை மணி நேரம் காது கொடுக்கிறார். அந்தக் குறை மருத்துவத் துறையுடையதுதான். ஆனால் பதிவு எண் இல்லாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டு சர்க்கரையை இன்னும் ஏற்றும்!

நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரில் பாதிக்கு மேற்பட்டோரை அங்கே கொண்டுவந்தது நீரிழிவு. வாரத்துக்கு 3 நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம். மாத்திரை வேண்டாமென்று வாட்ஸ்அப்பில் அறிவுரை அனுப்பியவர் எவரும் அந்த நாற்காலிக்குத் துணைக்கு வருவதில்லை.

"அண்ணன் மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டாராங்கய்யா?" என்று கேட்டேன்.

பெரியவர் கிளாஸைக் கீழே வைத்தார். "எங்கப்பா! கால்ல புண்ணு வந்த பிறகுதான் கிளினிக் பக்கமே போனாரு."