24 மணி நேரம் படுத்தால்தான் வியாதியா?

“சார், என் பொண்ணுக்கு ட்ரிப்ஸ் ஒரே மணி நேரத்துல முடிஞ்சிடுது. அதுதான் சார் பிரச்னையே!”

நண்பர் இப்படிச் சொன்னபோது எனக்குப் புரியவில்லை. சீக்கிரம் முடிந்தால் நல்லதுதானே என்றேன். மனிதர் சிரித்தார். அழுதிருந்தால்கூடத் தேவலை.

அவர் மகளுக்கு எட்டு வயது. மூட்டுவாதம். ‘எட்டு வயசுலயா? அது தாத்தா, பாட்டிக்கு வர்றதாச்சே!’ என்கிறீர்களா? நானும் அப்படித்தான் கேட்டேன். 16 வயதுக்குள் ஆரம்பித்து, 6 வாரமாகியும் மூட்டு வீக்கம் போகாமல், வேறு காரணமும் பிடிபடவில்லை என்றால், அது சிறார் மூட்டுவாதம். ‘வளர்ற புள்ளைக்கு வலிக்கத்தான் செய்யும்’ என்று தைலம் தடவியே நாம் மாதங்களை ஓட்டிவிடுகிறோம்.

இதில் ஒரு வகை மூட்டோடு நிற்காது. தினமும் காய்ச்சல், உடம்பில் தடிப்பு என்று குழந்தையை உருக்கி எடுத்துவிடும். நண்பரின் மகளுக்கு அந்த வகை. ஸ்டீராய்டு கொடுத்தால் அடங்கும். ஆனால், வருடக்கணக்கில் கொடுத்தால் முகம் உப்பும், எலும்பு பலமிழக்கும், வளர்த்தி தடைபடும்.

இந்தக் குழந்தைகளுக்காக வந்த மருந்துகளில் ஒன்று டோசிலிசுமாப். ஜப்பானில் பிறந்தது. அங்கே 2008-லும், அமெரிக்காவில் 2011-லும் சிறார் மூட்டுவாதத்துக்கு அனுமதி கிடைத்தது. 2012-ல் வெளியான ஓர் ஆய்வைக் கேளுங்கள். மொத்தம் 112 குழந்தைகள். மருந்து ஏறிய 75 பேரில் 64 பேருக்கு, 12 வாரத்தில் காய்ச்சல் நின்று, நோயும் குறைந்தது 30 சதவிகிதம் தணிந்திருந்தது. மருந்தில்லாத வெறும் ட்ரிப்ஸ் ஏறிய 37 பேரில் அப்படித் தேறியவர்கள் 9 பேர்தான். நான் வெறும் பி.காம். ஆனால், இந்த பாலன்ஸ் ஷீட்டைப் படிக்க எம்.பி.பி.எஸ். தேவையில்லை!

சரி, பிரச்னைக்கு வருவோம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம் ட்ரிப்ஸ். வருடத்துக்கு 26 தடவை. ஒவ்வொரு தடவையும் பல ஆயிரம். நண்பர் ஒழுங்காக பிரீமியம் கட்டியவர். க்ளெய்ம் போட்டார். வந்த பதில்: ‘24 மணி நேரம் அட்மிட் ஆகவில்லை. இது வெளிநோயாளி சிகிச்சை. பணம் கிடையாது.’

கணக்குப் போட்டுப் பாருங்கள். 26 மணி நேரத்தில் முடிகிற சிகிச்சைக்கு, அந்தக் குழந்தை 26 நாள் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். பள்ளிக்கூடம் போச்சு. மருந்து விலை அதேதான். மேற்கொண்டு ரூம் வாடகை வேறு. அதையும் கம்பெனிதான் கட்டணும்! எந்தக் காலேஜில் சார் இந்த காஸ்ட் அக்கவுண்டிங் சொல்லித்தருகிறார்கள்?

மோனோக்ளோனல் ஆன்டிபாடி வகை மருந்துகளை ஊசி மூலம் செலுத்துகிற சிகிச்சையை பாலிசியிலிருந்து ஒதுக்கக் கூடாது என்று 2019-லேயே சொல்லிவிட்டது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம். டோசிலிசுமாப் அந்த வகைதான். அப்புறம் ஏன் கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள்?

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. 2021-ல், கொரோனா இரண்டாம் அலையில், பெரியவர்களுக்கு இதே மருந்துக்காக ஊரே அலைந்தது. கள்ள மார்க்கெட்டில் விற்றார்கள். ஜூன் மாதம் ஜி.எஸ்.டி. கவுன்சில் இதன் மீதான 5 சதவிகித வரியைத் தூக்கியது. நல்ல காரியம். டிசம்பரோடு சலுகை முடிந்தது. கொரோனா வார்டில் உயிர் காக்கும் மருந்து. எட்டு வயதுப் பெண்ணின் முழங்காலுக்கு என்றால் வெளிநோயாளிச் செலவா?

‘விலை அதிகமாச்சே, எல்லாருக்கும் கொடுத்தா கட்டுப்படியாகுமா?’ என்பார்கள். எல்லாருக்கும் யார் கேட்டது? நிறையக் குழந்தைகளுக்கு வாரம் ஒரு தடவை மெத்தோட்ரெக்சேட் போதும், அது மலிவு. டோசிலிசுமாப் மந்திர மருந்தும் இல்லை. காசநோய் இருக்கிறதா என்று முதலில் பார்க்கணும். தொற்று வருகிறதா என்று கண்காணிக்கணும். டாக்டர்கள் யோசித்துத்தான் ஆரம்பிக்கிறார்கள். அவர்கள் யோசித்த பிறகு, கிளார்க் எதற்கு மறுபடி யோசிக்க வேண்டும்?

விலையை மட்டும் எழுதுகிறவர்கள் எதிர்ப்பக்கத்தையும் எழுதட்டும். கெட்டுப்போன மூட்டு என்ன விலை? படிக்கட்டு ஏற முடியாமல் நின்றுபோகிற படிப்பு என்ன விலை? வேலையை விட்டுவிட்டு மகளைத் தூக்கிச் சுமக்கிற அம்மாவின் சம்பளம் எந்தக் கணக்கில் வரும்?

உங்களுக்கும் இப்படி ஒரு கடிதம் வந்தால் மடித்து பீரோவில் வைக்காதீர்கள். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையா, பதில் சரியில்லையா... இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு எழுதுங்கள். ஃபீஸ் கிடையாது. வக்கீலும் வேண்டாம்.

நண்பர் எழுதிவிட்டார். பதிலுக்காகக் காத்திருக்கிறார். காத்திருக்கலாம், அவருக்கு நாற்பது வயது. மகளின் முழங்கால் காத்திருக்காது!