பதிவேட்டில் ஏறாத பெயர்



விடியற்காலை பிரட்டுக்குக் கிளம்பும்போது பிள்ளையை யாரிடம் விட்டுப் போகிறீர்கள்? அந்த ஆளைப் பற்றி என்றைக்காவது விசாரித்ததுண்டா?

சிறார்களிடம் பாலியல் குற்றம் செய்து தண்டனை பெற்றவர்களின் பதிவேடு நம் மலேசியாவில் இருக்கிறது. 2016-இல் திருத்தப்பட்ட சிறார் சட்டத்தின்கீழ் சமூக நல இலாகா அதை வைத்திருக்கிறது. அமெரிக்காவில் இருப்பதுபோல் எல்லாரும் திறந்து பார்க்கும் பட்டியல் அல்ல இது. இன்னாருடைய பெயர் அதில் உண்டா என்று இலாகாவில் விண்ணப்பித்துக் கேட்க வேண்டும். 2019 முதல் இந்த வசதி உண்டு. பிள்ளை பார்க்க ஆள் வைக்குமுன் கேளுங்கள். ஆயாக்கொட்டகைக்கு ஆள் எடுக்கும்போதும் கேட்கச் சொல்லுங்கள்.

“பெயரையெல்லாம் ஆபீஸ் சுவரில் ஒட்டிவிட்டால் என்ன, டிரஸரய்யா?” என்கிறார்கள் சிலர். கோபம் நியாயம்தான். ஆனால், கெடுதல் செய்கிறவன் பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்த ஆள். மாமனாக, சித்தப்பனாக, ஏன், பெற்ற தகப்பனாகவே இருக்கலாம். அவன் பெயரை ஒட்டினால், கெட்டுப்போனது எந்த வீட்டுப் பிள்ளை என்று ஒரே நாளில் லயம் முழுக்கத் தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். கோர்ட்டில் தண்டிக்கப்பட்டவன் பெயர்தான் பதிவேட்டில் ஏறும். கோயிலடியில் பேசி முடித்து, மன்னிப்புக் கேட்க வைத்து, வேறு தோட்டத்துக்கு அனுப்பிவிட்டால் பெயர் எப்படி ஏறும்? அந்தத் தோட்டத்துத் தாய் போய்க் கேட்டாலும் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். குடும்ப மானத்தை மறைத்தோம் என்று நினைக்கிறோம். மறைத்தது அவனைத்தான்!

2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தெரிந்தும் போலீசில் சொல்லாமல் இருப்பதே குற்றம். 5,000 வெள்ளி வரை அபராதம். வேறு சாட்சி இல்லாவிட்டாலும், பிள்ளையின் சாட்சியத்தை மட்டும் வைத்தே கோர்ட் தண்டிக்க முடியும்.

பிள்ளை வந்து சொன்னால் அடிக்காதீர்கள், நம்புங்கள். குளிப்பாட்டாதீர்கள். உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு, உடனே அரசாங்க ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். எய்ட்ஸ் கிருமியைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். நாள் கடந்திருந்தாலும் பரவாயில்லை, போங்கள். 15999 எண்ணுக்குப் போன் செய்தும் சொல்லலாம்.

பதிவேட்டை வைத்திருப்பது இலாகாதான். ஆனால் அதில் பெயர் ஏற வேண்டுமானால், முதலில் நாம் வாய் திறக்க வேண்டும்.