மகனுக்கு எந்த மடிக்கணினி?



பள்ளி விடுமுறையில் முன்னாள் மாணவர் ஒருவரின் தந்தை என்னைத் தேடி வந்திருந்தார். ஆறாம் ஆண்டில் என்னிடம் பயின்ற அந்த மாணவர் இப்போது தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் கணினித்துறையில் படிக்கிறார். நிறுவனங்கள் பயன்படுத்தும் வழங்கி மென்பொருள்களை நிறுவி இயக்கும் பாடம் அடுத்த பருவத்தில் தொடங்குகிறதாம். "டீச்சர், கடையில் 6,500 ரிங்கிட் சொல்கிறார்கள். சேமநிதியில் நெகிழ்வுக் கணக்கிலிருந்து எடுத்துக் கட்டிவிடலாம் என்றிருக்கிறேன். வாங்கட்டுமா?" என்று கேட்டார். அவர் நீட்டிய விளம்பரத் தாளில், வண்ண விளக்குகள் மின்னும் விசைப்பலகையோடு ஒரு விளையாட்டு மடிக்கணினி இருந்தது.

வேண்டாம் ஐயா என்றேன். அவருக்குச் சொன்ன காரணங்களை மற்ற பெற்றோரும் அறிவது நல்லது என்பதால் இங்கு எழுதுகிறேன்.

வழங்கி என்பது பலருடைய கணினிகள் கேட்பதை ஓரிடத்திலிருந்து வழங்கும் கணினி. அதற்கான மென்பொருள்கள் குளிரூட்டிய அறையில் அடுக்கி வைத்த பெரிய இயந்திரங்களுக்காக எழுதப்பட்டவை. கற்கும் மாணவர் அவற்றைத் தம் மடிக்கணினிக்குள் 'மெய்நிகர் கணினி'களை உருவாக்கி இயக்குகிறார். பயனர் கணக்குகளைக் காக்க ஒன்று, தரவுத்தளத்திற்கு ஒன்று, செயலிக்கு ஒன்று என ஒரே வேளையில் இரண்டு மூன்று ஓடும். அவை ஒவ்வொன்றும் நினைவகத்தில் தன் பங்கைப் பிடித்துவைத்துக் கொள்ளும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது நினைவகம். அடுத்தது திடநிலை வட்டு. செயலகத்தில் நான்கு கருக்களாவது இருக்க வேண்டும். வரைகலை அட்டைக்கு இங்கே வேலையே இல்லை. விளையாட்டு மடிக்கணினியின் விலையில் கணிசமான பங்கு அந்த அட்டைக்குத்தான் போகிறது. அந்த 6,500 ரிங்கிட் கணினியில் இருந்த நினைவகமோ 16 கிகாபைட்தான்.

மைக்ரோசாப்டின் ஷேர்பாயிண்ட் வழங்கியைத் தரவுத்தளத்தோடு ஒரே கணினியில் சோதித்துப் பார்க்கவே 16 கிகாபைட் நினைவகமும் நான்கு கருக்களும் வேண்டும் என்று அந்நிறுவனமே கூறுகிறது. அந்தப் 16 வழங்கிக்கு மட்டும். மடிக்கணினியின் சொந்தத் தேவை வேறு. எனவே 32 இருந்தால்தான் நிம்மதி. மாறாக, ஆரக்கல் இலவசமாகத் தரும் தரவுத்தளம் 2 கிகாபைட்டுக்கு மேல் நினைவகத்தைப் பயன்படுத்தாது. பாடத்தில் இவற்றுள் எது வருகிறது? தந்தைக்குத் தெரியவில்லை, மகனுக்கும் தெரியவில்லை. இதில்தான் எனக்கு வருத்தம். மாணவரைச் சேர்க்கும் அன்றே கல்லூரிகள் இந்த விவரத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் கடைக்காரர் பெற்றோருக்குப் பேராசிரியர் ஆகமாட்டார்.

நினைவகத்தின் அருமையை நான் பட்டுத்தான் அறிந்தேன். 2003ஆம் ஆண்டில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கியபோது ஆசிரியர்களுக்கு மடிக்கணினிகள் வழங்கப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். பயிற்சிக் கல்லூரியை முடித்து நான் பணியில் சேர்ந்த காலம் அது. சில ஆண்டுகள் கழித்து, பழைய மடிக்கணினி ஒன்றில் மூடுல் மென்பொருளை நிறுவிக் கணினி அறைக்கு அதையே வழங்கியாக்கினேன். நான் மட்டும் சோதித்தபோது பறந்தது. இருபது மாணவர்கள் ஒன்றாக நுழைந்ததும் வன்தட்டு கரகரவென்று ஓசையிட, திரைகளெல்லாம் உறைந்தன. செயலகம் மெதுவானது என்று நானாக முடிவு கட்டி, புதுக் கணினி கேட்டுக் கடிதமும் எழுதிவிட்டேன்! நண்பர் ஒருவர் வந்து பார்த்தார். 512 மெகாபைட்டாக இருந்த நினைவகத்தோடு இன்னொரு துண்டைச் செருகினார். அந்த ஆண்டு முழுவதும் அதே கணினி ஓடியது.

இன்று அப்படிச் செருகப் பல மடிக்கணினிகளில் இடமே இல்லை. மெலிதாக இருக்க வேண்டும் என்பதற்காக நினைவகத்தைத் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்து விடுகிறார்கள். வாங்குமுன் இதைக் கட்டாயம் கேளுங்கள். செயலகத்தின் வகையையும் பாருங்கள். ஆப்பிளின் எம் வரிசையும் ஸ்னாப்டிராகனும் ஆர்ம் வகையைச் சேர்ந்தவை, நல்ல கணினிகள்தாம். ஆயினும் மைக்ரோசாப்டின் எஸ்கியூஎல் சர்வரை விண்டோசில் நிறுவ இன்டெல் அல்லது ஏஎம்டி வகைச் செயலகமே வேண்டும். விண்டோஸ் ஹோம் பதிப்பில் ஹைப்பர்-வி கிடையாது. அதற்காகக் கலங்க வேண்டாம், வெர்ச்சுவல்பாக்ஸ் இலவசம்.

என் பரிந்துரை, அலுவலகங்கள் பயன்படுத்திக் கழித்த வணிக வகை மடிக்கணினி. உறுதியானவை, பலவற்றில் நினைவகத்தை மாற்றலாம். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையக் கூடாது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. அதற்கு முந்திய தலைமுறைகள் விண்டோஸ் 11க்குத் தகுதி பெறா. (பரிசளிப்பு விழாக்களில் மடிக்கணினி வழங்கும் நல்லுள்ளங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: 4 கிகாபைட் நினைவகம் பற்றவைத்த புதுக் கணினியைவிட இது மேல்.) கல்லூரி மின்னஞ்சல் உள்ள மாணவருக்கு மைக்ரோசாப்டின் அஸ்யூர் மேகச் சேவை, கடனட்டை கேட்காமல் 100 அமெரிக்க டாலர் வரவு தருகிறது. கனமான பயிற்சிகளை அங்கே செய்து பார்க்கலாம்.

இப்போது நினைவகத்தின் விலைதான் இடிக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் அள்ளிக் கொள்வதால் 2025ஆம் ஆண்டின் இறுதியில் விலை கடுமையாக ஏறியது. குருசியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்பதிலிருந்து விலகுவதாக மைக்ரான் நிறுவனம் அந்த டிசம்பரில் அறிவித்தது. அத்தகைய மையங்கள் நம் ஜொகூரில், செடனாக்கிலும் கூலாயிலும் எழுந்து நிற்கின்றன. கூலாய் யங் தோட்டம் செம்பனை நிலமாக இருந்தது. தோட்டத்தில் வளர்ந்த தந்தையின் மகன் அங்கே வழங்கிகளைப் பராமரிக்கும் வேலைக்குப் போக வேண்டும் என்பதுதான் என் ஆசை. அவன் பயில வேண்டிய நினைவகத்தை அந்த வழங்கிகளே விலையேற்றி வைத்திருக்கின்றன.

பாடத்தில் ஷேர்பாயிண்ட் இரண்டாம் பருவத்தில்தான் வருகிறது என்று விரிவுரையாளர் தெரிவித்தாராம். தந்தை 16 கிகாபைட்டோடு ஒரு செருகிடம் காலியாக உள்ள பழைய வணிகக் கணினியை வாங்கிக் கொடுத்தார். சேமநிதியில் முன்பு நினைத்ததில் கால்பங்குகூட எடுக்கவில்லை. இன்னொரு 16 எப்போது வாங்கலாம் என்று மாணவர் வாரந்தோறும் விலை பார்த்து எனக்குப் புலனத்தில் அனுப்பிக் கொண்டிருக்கிறார்.